போடி மலையில் ஒரு தூக்கு மோர்

சித்திரை வெயிலுக்குப் பயந்து ஊரே ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பும்போது, நான் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குக் கிளம்பினேன். "ஒரு வெயிலிலிருந்து இன்னொரு வெயிலுக்கா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். என்ன செய்வது? என் பெரியம்மா மகள் அங்கே இருக்கிறாள். போன வருஷம் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னால் போய்ப் பார்க்க முடியவில்லை. அந்தக் குறை மனசை அரித்துக்கொண்டே இருந்தது.

மதுரையிலிருந்து போடி 90 கிலோமீட்டர். 1928-இல் போட்ட ரயில் பாதை அது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியோடு ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி போடி வரை ரயில் வந்தது 2023 ஜூன் மாதத்தில்தான். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டி கணவாயையும் தாண்டியதும், ஜன்னலுக்கு வெளியே மலை நம்மோடு கூடவே வர ஆரம்பித்துவிடுகிறது.

போடியில் இறங்கினால் முதலில் நம்மை வரவேற்பது ஏலக்காய் வாசனை! ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் அல்லவா? மலையில் விளைவது இங்கே வந்து, கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து பெரிசு, சிறிசு, பச்சை, வெளுப்பு என்று தரம் பிரிக்கிறார்கள். அக்காவும் கொஞ்ச காலம் அந்த வேலை பார்த்தாள். அப்புறம் மலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் போக ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு செம்பு மோர் வந்தது. "மொதல்ல குடி. பேச்செல்லாம் அப்புறம்" என்றாள் அக்கா.

வெண்ணெய் எடுத்த மோர். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் நசுக்கிப் போட்டு, துளி பெருங்காயமும் உப்பும் சேர்த்திருந்தாள். "ஏலக்காய் ஊரில் மோரில் ஏலக்காய் இல்லையா?" என்று கேலியாகக் கேட்டேன். "கையெல்லாம் ஏலந்தான் மணக்குது. அது விக்கிற வெலைக்கு மோர்ல போடுறதாக்கும்!" என்று அவள் சிரித்தாள். போடிப் பக்கம் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் உண்டு. ஒரு வீட்டில் மோர், அடுத்த வீட்டில் மஜ்ஜிக, அதற்கடுத்த வீட்டில் மஜ்ஜிகெ. பேர்தான் வேறு, வெயிலில் வந்தவருக்கு முதலில் நீட்டுவது எல்லா வீட்டிலும் அதுதான்.

அக்காவின் மருமகள் மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி. அவளுக்கும் ஒரு டம்ளர் மோர் போனதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். "பிள்ளைக்குச் சளி பிடிக்காதா அக்கா?" என்றேன். "பாலு குடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்காதா? ஆத்தா மோர் குடிச்சா பிள்ளைக்குச் சளி பிடிக்காதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாக" என்றாள். என் பிரசவ காலத்தில் மோரைக் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருந்தார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு லீவு. "வா, நான் தெனமும் போற பாதையைப் பாரு" என்று போடிமெட்டுக்குக் கூட்டிப்போனாள். கையில் ஒரு தூக்குவாளி.

முந்தலில் குரங்கணிக்குப் பிரிகிற பாதையை விட்டுவிட்டு, பஸ் மலையேறத் தொடங்கியது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவுக்கும் போடி ஊர் கீழே சின்னதாகிக்கொண்டே போகிறது. வேர்வை அடங்கி, காற்றில் குளிர் ஏறுகிறது. போடிமெட்டு, போடியைவிட ஏறக்குறைய 3,000 அடி உயரம். அங்கேதான் தமிழ்நாட்டு எல்லை முடிகிறது. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளத்து ஏலமலை.

இவ்வளவு அழகையும் ரசிக்க முடியாமல் எனக்கு ஒரே தலைவலி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டி மூஞ்சி வாடிக் கெடக்கு? காலையில இருந்து என்ன குடிச்ச?"

"ஒரு வாய் காப்பி."

"வழியில எங்க எறங்கிப் போறதுன்னு பயந்துதானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சகோதரிகளே, உங்களிடம் சொல்வதற்கென்ன! வெளியூர் கிளம்பினால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவது என் வழக்கம். கல்யாண வீடானாலும் சரி, கோயில் திருவிழாவானாலும் சரி. நம்மில் பல பேருக்கு இந்த வழக்கம் இருக்கிறதுதானே?

அக்கா தூக்குவாளியைத் திறந்து மூடியில் மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் இப்படித்தான்டி கெட்டேன். காலையில ஆறு மணிக்கு ஜீப்பு ஏறுனா வீடு திரும்ப இருட்டிரும். ஆம்பளைங்க ஒரு மரத்தடியில ஒதுங்கிருவாக. நாம எங்க போக? செடிக்குள்ள போனா அட்டை கடிக்கும். ஆளு வந்துருவாகளோன்னு வேற பயம். அதான் வாயைக் கட்டிட்டேன். இருவது வருசம்! ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணிகூட உள்ள போயிருக்காது."

அதன் பலன்தான் போன வருஷத்து ஆஸ்பத்திரி. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று ஆரம்பித்து, கை வைத்தியம் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தியிருக்கிறாள். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. குளிர் காய்ச்சல், முதுகுவலி, வாந்தி. பத்து நாள் படுக்கை. தண்ணீர் குடிக்காமல் இருந்ததும், நேரத்துக்குப் போகாமல் அடக்கி வைத்ததும் சேர்ந்து இதற்கு இடம் கொடுத்துவிட்டதாக டாக்டரம்மா சொன்னாராம்.

"குணமாகி வந்ததும் எங்க ஜீப்புல போற பொம்பளைங்க அத்தனை பேரும் கூடிப் பேசுனோம். கங்காணிகிட்டப் போயி, 'மறைவா ஒரு கக்கூஸ் கட்டிக் குடுத்தாத்தான் திங்கக்கெழமை ஜீப்பு ஏறுவோம்'னு சொல்லிப்புட்டோம். மொதல்ல சிரிச்சாக. ரெண்டு வாரத்துல தகரம் அடிச்சு, குழி வெட்டி, தண்ணிக்கு டிரம்மும் வச்சுட்டாக. இத்தனை வருசம் வாயைத் தொறந்து கேக்காம இருந்துட்டோமேடி!"

கேட்கிற உரிமை புதிதாக வந்ததும் அல்ல. தோட்டங்களில் குடிதண்ணீரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமும் வேண்டும் என்று 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஏலத்தோட்டங்களும் பிற்பாடு அதில் சேர்க்கப்பட்டன. சிறு தோட்டங்கள்தான் அதற்குள் வரவில்லை. சட்டத்துக்குள் வராவிட்டால் என்ன, பெண் பெண்தானே?

இப்போது தினமும் அக்காவின் ஒரு கையில் சோற்று வாளி, இன்னொரு கையில் மோர் வாளி. கீழே போடி வெயிலில் பத்து மணிக்கே புளித்துவிடும் மோர், மேலே குளிரில் மத்தியானம் வரை அப்படியே இருக்கிறதாம். பால் உறைவதிலும் இதே கதைதான். போடியில் நாலைந்து மணி நேரத்தில் தயிராகிவிடும் பால், மலையில் விடிய விடிய வைத்தாலும் தண்ணீராகவே நிற்கும். உறை மோரில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கு வெதுவெதுப்பு இருந்தால்தான் வேலை ஓடும். அதனால் மலையில் குடியிருப்பவர்கள் பாலைக் கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, கம்பளி சுற்றி அடுப்பு மேடையில் வைக்கிறார்கள். மார்கழியில் நம் வீட்டிலும் இப்படிச் செய்து பாருங்களேன்.

திரும்பும் முன் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு சம்பாரம் குடித்தோம். அதுவும் நீர்மோர்தான். இஞ்சியும் பச்சை மிளகாயும் தூக்கலாக, நாரத்தை இலையைக் கசக்கிப் போட்டிருந்தார்கள். நூறடி தூரத்தில் மோரின் பேரும் ருசியும் மாறிவிட்டன! இதற்குள் என் தலைவலியும் போன இடம் தெரியவில்லை. அந்தக் கடையிலேயே, "கழிப்பிடம் எங்கே?" என்று கூச்சப்படாமல் கேட்டேன். பின்பக்கம் கை காட்டினார்கள். அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்!

அக்காவின் மோர் செய்முறை இதோ: ஒரு கப் புளிக்காத தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் மூன்று கப் சேர்க்கவும். உப்பு அரை டீஸ்பூன் போதும். மற்றது உங்கள் ருசி. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பை டாக்டரிடம் கேட்டுச் சேருங்கள். பால் குடித்தால் வயிறு உப்பும் சிலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பங்கை அந்த நல்ல கிருமிகளே தின்றுவிடுகின்றன. ஆனால் மோர் மருந்து அல்ல. வெறும் தண்ணீரும் வேண்டும். எரிச்சலோ காய்ச்சலோ வந்தால் கை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஊர் திரும்பும்போது அக்கா ஒரு பாட்டில் மோர் கொடுத்து அனுப்பினாள். ஆண்டிபட்டி வருவதற்குள் முழுவதையும் குடித்துவிட்டேன். ரயிலில் இரண்டு தடவை எழுந்தும் போனேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஏதாவது நினைத்திருப்பார்களோ? நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்!