தெர்மகோல் பெட்டியில் பூண்டு

எர்ணாவூரில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, சுவரோரம் கற்பூரவல்லி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்தபிறகும் மண்ணை மிதித்தால் செருப்பில் பிசுபிசுப்பு ஒட்டியது. அந்த மண்ணில் இனி எதையும் நடமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த மாதமே மகளுக்குப் பிரசவம். பால் கொடுக்கிற பெண்ணுக்குச் சுறாப் புட்டு செய்யாமல் முடியுமா? காசிமேட்டிலிருந்து பால்சுறா வந்துவிடும். பூண்டுதான் பிரச்னை. விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியிருந்த நேரம். இரண்டாவது நாளே மகள் கேட்டுவிட்டாள், "ஏம்மா, பூண்டு கம்மியா போட்டியா?"

கூடையின் அடியில் முளைவிட்டு வீணாகக் கிடந்த பற்களைத் தம்பி கொண்டுவந்த மீன் ஐஸ் பெட்டியில் நட்டார். தெர்மகோல் பெட்டி, அடியில் நாலு ஓட்டை, மேலே விலைக்கு வாங்கிய செம்மண்ணும் தொழு உரமும். முளை மேலே பார்க்க, ஒரு அங்குல ஆழம், நாலு விரல் இடைவெளி. பெட்டி மொட்டைமாடிக்குப் போனது.

ஒரு மாதத்தில் தாள் சாண் உயரம் வந்தது. கீழே பூண்டு திரண்டிருக்கும் என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், சின்ன வெங்காயம்போல ஒரே உருண்டை, பல்லே பிரியவில்லை. பெட்டிமேலும் தப்பில்லை, கைமேலும் தப்பில்லை. பூண்டு பல் பிரிய நல்ல குளிர் வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு விளைவது மலைக்குளிரில். எண்ணூர்க் காற்றில் அதை எதிர்பார்ப்பது பேராசை.

ஆனால் தாள் இருக்கிறதே! ஐரோப்பாவில் காட்டுப்பூண்டு என்று ஒன்று உண்டு, அதை முக்கியமாக இலைக்காகவே பறிக்கிறார்கள். இந்த அம்மாவும் தாளை அடியில் இரண்டு விரல் விட்டு நறுக்கி, புட்டை இறக்கும்போது தூவினார். மகள் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வெட்டிய இடத்தில் தாள் திரும்ப வளர்ந்தது. இரண்டு மூன்று முறை அறுக்கலாம், பிறகு மெலிந்துவிடும். அப்போது புதுப் பல் நட வேண்டியதுதான். கார்த்திகை முதல் தை வரை நட்டால் செழிப்பு, சித்திரை வெயிலில் நுனி காய்ந்துபோகும்.

ஒரு தொல்லை, தூசு. காலையில் பார்த்தால் தாளின்மேல் கரியாகப் படிந்திருக்கும். அறுத்ததும் இரண்டு தண்ணீரில் அலசாமல் அடுப்புக்குக் கொண்டுபோவதில்லை. மீன் கழுவிய தண்ணீரை நன்றாக நீர்விட்டு வேரில் ஊற்றுவார்; அப்படியே ஊற்றினால் பூனைகள் பெட்டியையே கவிழ்த்துவிடும்.

போன மார்கழியில் பின்கதவைத் திறந்து, முருங்கையடியில் ஒரே ஒரு பல்லை ஊன்றினார். முளைத்திருக்கிறது. பச்சையாகத்தான் இருக்கிறது. அந்தத் தாளை மட்டும் இன்னும் சமைக்கவில்லை.