பிட்ஸ் வாசலில் அப்பாமார்

சுவிஸில் எங்கள் அப்பாமார் ஏறி இறங்காத அலுவலகம் குறைவு. ஆனால் ‘பிட்ஸ்’ என்று இங்கே எல்லாரும் சொல்கிற தொழில் தகவல் நிலையத்துக்குப் பிள்ளையோடு போகச் சொன்னால் மட்டும் தயங்குவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை இலவசம். காசு பிரச்சினையில்லை, அங்கே போனால் பிள்ளை ‘லேர’ பக்கம் போய்விடும் என்ற பயம்தான்.

லேர என்பது தொழிற்பயிற்சி. கிழமையில் மூன்று, நான்கு நாள் ஒரு நிறுவனத்தில் வேலை, மிச்சம் தொழிற்பள்ளி, முதல் ஆண்டிலிருந்தே சம்பளம். இந்த நாட்டு இளையோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் போகிற வழி இதுதான். கிம்னாசியம் போய், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மத்தூரா எடுப்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவே. அந்த ஒருவர் தன் பிள்ளையாக இருக்கவேண்டும் என்று உணவகத்தில் கோப்பை கழுவிய மனிதர் ஆசைப்பட்டால் அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. இலங்கையில் 1970களின் தரப்படுத்தலில் பல்கலைக்கழகத்தை இழந்த தலைமுறையின் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

சூரிச்சில் உறவுக்காரக் குடும்பமொன்றுக்கு மொழிபெயர்க்க ஒருமுறை போயிருந்தேன். எந்த வேலை செய்யும்போது நேரம் போவது தெரியாது என்று ஆலோசகர் பெடியனைக் கேட்டார். “இவன் கொம்பியூட்டர் நல்லாச் செய்வான்” என்றார் தகப்பன். ஆலோசகர் தலையாட்டிவிட்டு, மறுபடி பெடியனையே பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தார். அந்தப் பொறுமைக்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று நினைக்கிறேன். கடைசியில் அவன், அயலட்டைச் சைக்கிள்களுக்குப் பிரேக் திருத்துவதைப் பற்றிச் சொன்னான்.

சைக்கிள் மெக்கானிக் மூன்று ஆண்டு, இயந்திரப் பாகங்கள் செய்யும் பொலிமெக்கானிக்கர் நான்கு ஆண்டு. இரண்டையும் ‘ஷ்னுப்பர்’ செய்து பார்க்கச் சொன்னார் ஆலோசகர். அதாவது வேலையிடத்தில் சில நாள் நின்று பார்த்து, குறிப்பெழுதி வருவது.

“பிறகு படிக்கேலாதோ?” தகப்பனுக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

ஆலோசகர் தாளில் கோடு கீறிக் காட்டினார். லேரயோடு தொழில்சார் மத்தூரா. 1990களில் வந்த ஏற்பாடு அது. அதிலிருந்து பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகம், பொறியியல் பட்டம். வேறு பல்கலைக்கழகம்தான் வேண்டுமென்றால் ‘பசரெல்’ என்ற மேலதிகப் பரீட்சை. யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகியான சேர்ஜியோ ஏர்மோட்டியும் வங்கியொன்றில் லேர செய்து தொடங்கியவர்தான் என்று நானும் எடுத்துவிட்டேன். “அவையள் இந்த நாட்டு ஆக்கள்” என்று அதை முடித்துவிட்டார் தகப்பன். ஆனால் கோடு கீறிய தாளை விடவில்லை. இதெல்லாம் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லியிருப்பார்கள், டொச் மொழியில், இரவு ஏழு மணிக்கு. அந்நேரம் அவர் உணவக அடுப்படியில் நிற்பார்.

இருந்தாலும் அவருடைய சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். சூரிச்சில் ஆறாம் வகுப்போடு பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுகிறார்கள். மேல் பிரிவுப் பிள்ளைகளையே தேடுகிற நிறுவனங்கள் உண்டு. பன்னிரண்டு வயதில் அரைகுறை டொச்சோடு வந்து சேர்ந்த பிள்ளை ஆலோசகரின் மேசைக்கு வரும்போது பாதி விஷயம் முடிந்திருக்கும். ஆய்வுகூடத்தில் பயில விரும்பிய ஒரு பெட்டையிடம், ‘நடக்கிற காரியமாக யோசி’ என்று முதியோர் பராமரிப்பைக் காட்டியதும் எனக்குத் தெரியும். பராமரிப்பு நல்ல தொழில்தான். அவள் கேட்டது அதையல்ல. இன்னொன்று, இந்நாட்டுத் தகப்பனுக்குப் பட்டறை முதலாளி பள்ளித் தோழனாக இருப்பார். எங்களுக்குத் தெரிந்த முதலாளிகள் உணவகக்காரர்தான். அந்தப் பழக்கத்தை எந்த ஆலோசகராலும் எடுத்துத் தர முடியாது.

எங்களால் ஓரளவு முடியும். லேர செய்து மின்பணியாளராகி, இன்று தானே பயிலுநர்களைப் பழக்குகிற தமிழர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். தமிழ்ப் பாடசாலைப் பரிசளிப்புக்கு ஆண்டுதோறும் டொக்டரோ பொறியியலாளரோதான் பிரதம விருந்தினர். இவரைக் கூப்பிடுவது ஒலிபெருக்கிக்கு வயர் இழுக்க. அடுத்தமுறை இவரை மேடையேற்றிப் பேசவிடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.