மெட்ரோ வரும் தெருவில் ஒரு வாடகை வீடு

சென்னை ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து மேற்கே போனால் அண்ணா சாலை. ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி. மெட்ரோ நிலையங்கள் அங்கே 2019 பிப்ரவரியில் திறந்தன. கிழக்கே ஜாம்பஜாரைத் தாண்டினால் பறக்கும் ரயிலின் திருவல்லிக்கேணி நிலையம். 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலை வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் நீண்ட பாதை அது. இந்த இரண்டு ரயில்களுக்கும் நடுவில்தான் ராயப்பேட்டை இருக்கிறது. இப்போது மூன்றாவது ரயில் பேட்டையின் வயிற்றுக்குள்ளேயே வருகிறது. மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் மெட்ரோ வழித்தடம் ஆயிரம் விளக்கு, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, ராதாகிருஷ்ணன் சாலை, திருமயிலை என்று பூமிக்கடியில் செல்கிறது. மொத்தம் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு, 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில், மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது.

வீடு தேடி வருகிறவர்களிடம் புரோக்கர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான்: “மெட்ரோ வரப்போவுது சார், இப்பவே புடிச்சிடுங்க.” சரியான பேச்சுதான். ஆனால் அதே மெட்ரோவைக் காட்டித்தான் அடுத்த வருஷம் வாடகையும் ஏறும்.

வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு என்று துருவித் துருவிக் கேட்கிற குடும்பங்கள், வருஷா வருஷம் எவ்வளவு ஏற்றுவீர்கள் என்பதைக் கடைசியில் கேட்கின்றன, அல்லது கேட்பதே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுதான் முதல் கேள்வி. 15,000 ரூபாய் வாடகையில் குடியேறும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், ஐந்து உயர்வுக்குப் பிறகு வாடகை ஏறக்குறைய 19,150 ரூபாய். 10 சதவீதம் என்றால் 24,150க்கு மேல். மாதம் 5,000 ரூபாய் வித்தியாசம். வேலைக்குப் போகும் இரண்டு பேரின் பயணச் செலவும் ஒரு பிள்ளையின் டியூஷன் பணமும் அதற்குள் அடங்கிவிடும்.

மெதுவாக வாடகை ஏறும் வீடுகள் ராயப்பேட்டையில் இல்லாமல் இல்லை. லாயிட்ஸ் சாலையிலிருந்து பிரியும் சந்துகளிலும், மீர்சாகிப்பேட்டையிலும், கௌடியா மடம் சாலைப் பக்கமும் லிப்ட் இல்லாத பழைய இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. கீழே வீட்டு உரிமையாளர், மேலே இரண்டு மூன்று போர்ஷன். இப்படிப்பட்ட உரிமையாளர்களில் பலருக்கு வாடகைதான் ஓய்வூதியம். மாதம் பிறந்ததும் பணம் வர வேண்டும், வீடு காலியாகக் கிடக்கக் கூடாது, படியில் சத்தம் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் கிடைத்தால் வருஷத்துக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டிக்கொண்டு பேசாமல் இருப்பவர்கள் அவர்கள். இந்த வீடுகள் பெரும்பாலும் செல்போன் செயலிகளில் வருவதில்லை. கிரில் கேட்டில் தொங்கும் ‘டு லெட்’ அட்டையிலும், முனையில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரரிடமும், மளிகைக் கடையிலும்தான் தகவல் கிடைக்கும். புரோக்கருக்கு ஒவ்வொரு புதுக் குடித்தனமும் ஒரு மாத வாடகை கமிஷன்; ஒருவர் பத்து வருஷம் ஒரே வீட்டில் இருப்பதால் அவருக்கு வருமானம் ஏதும் இல்லை. அதனால் தெருவில் நடந்து தேடுவதே மேல்.

வாடகையை ஏற்றாமலே பணத்தை ஏற்றும் வழிகளும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரே வசூலிக்கும் வீட்டில் அந்த இலவசம் குடியிருப்பவருக்கு வருவதில்லை. மெயின்டனன்ஸ், கோடையில் தண்ணீர் லாரிப் பங்கு, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகைப் பிடித்தம் என்று எல்லாவற்றையும் கூட்டினால்தான் உண்மையான வாடகை தெரியும்.

சென்னைக்கு வாடகைக் கட்டுப்பாடு புதிதல்ல. உலகப் போர்க் காலத்தில், 1941இலேயே மதராஸில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிறகு 1960ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடம், மனையின் மதிப்பை வைத்து நியாய வாடகை நிர்ணயிக்க வழிசெய்தது. குடியிருப்பு என்றால் அந்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம். நல்ல நோக்கம்தான். ஆனால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. வாடகை பழைய தொகையிலேயே நின்ற இடங்களில் உரிமையாளர்கள் சுவரைப் பூசுவதைக்கூட நிறுத்தினார்கள். வாடகைதாரருக்குக் குறைந்த வாடகை கிடைத்தது, கூடவே ஒழுகும் கூரையும் கிடைத்தது.

அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் உயர்வு. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. பத்து மாத அட்வான்ஸ் வழக்கத்தில் ஊறிய நகரத்தில் இது பெரிய விஷயம். பழைய வாய்மொழிக் குடித்தனக்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி, காலி செய்யக் கோரி உரிமையாளர் வாடகை நீதிமன்றம் போகலாம். “இருபது வருஷமா இருக்கோம், நம்மள யார் கேட்பாங்க” என்ற தைரியத்துக்கு இனி சட்டத்தின் துணை இல்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேறு வழியில் போனது. 2020 முதல் அங்கே பெரும்பாலான பழைய அடுக்குமாடி வாடகை வீடுகளுக்கு, விலைவாசி உயர்வோடு 5 சதவீதம், எப்படிப் போனாலும் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குள் என்று வரம்பு இருக்கிறது. வியன்னா நகராட்சியோ தானே வீடு கட்டி வாடகைக்கு விடுகிறது. ஏறக்குறைய 2,20,000 வீடுகள் அதன் கையில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமான யோசனை இல்லை. 1961இல் தொடங்கிய வீட்டு வசதி வாரியம் அரசு ஊழியர்களுக்கு வாடகைக் குடியிருப்புகள் கட்டிய அனுபவம் உள்ளதுதான்.

மெட்ரோ வேலைக்காகப் பள்ளம் தோண்டிய சாலை, திருப்பிவிட்ட பஸ், வீட்டுக்குள் படியும் தூசி எல்லாவற்றையும் இத்தனை காலம் தாங்கியவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள். ரயில் ஓடத் தொடங்கும் நாளில் அவர்கள் நகருக்கு வெளியே பெரும்பாக்கத்திலோ மாங்காட்டிலோ இருந்தால் இந்தத் திட்டம் யாருக்காக? நிலையங்களை ஒட்டி அரசு நிலத்தில் எழும் கட்டடங்களில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடம் ஒதுக்குவது போலவே, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கான வாடகை வீடுகளுக்கும் தளங்கள் ஒதுக்க வேண்டும். அரசு இதை இப்போதே திட்டத்தில் சேர்க்க வேண்டும். நிலம் கைமாறிய பிறகு சேர்க்க முடியாது.

அதுவரை, ராயப்பேட்டையில் வீடு பார்க்கிறவர்கள் அட்வான்ஸை எண்ணிக் கொடுக்கும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம், கரண்ட் யூனிட் என்ன விலை, அட்வான்ஸில் என்ன பிடிப்பார்கள், ஒப்பந்தத்தின் பதிவு எண் என்ன. பதினொரு மாத அக்ரிமென்டை நீட்டியதும் கையெழுத்துப் போடாமல், மூன்று வருஷத்துக்கு உயர்வு விகிதத்தோடு எழுதச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு இதைப் பேசினால் உங்கள் பேச்சு எடுபடாது.