1006-ன்னு ஒரு ஒத்த நம்பர்

வெப்சாக்கெட் படுத்துக்கிச்சுன்னா பிரவுசர் சொல்றது பெரும்பாலும் ஒரே நம்பர்தான்: 1006. எங்க படுத்துச்சு, ஏன் படுத்துச்சுன்னு மூச்சு விடாது. வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க. ஏதோ ஒரு வெப்பேஜ் உங்க உள் நெட்வொர்க்கை நோட்டம் விட்டுடக்கூடாதாம். அதனால மக்களே, சர்வர் பக்கம் போயிடுங்க.

முதல் கேள்வி: இணைப்பு பொறக்கவே இல்லையா, பொறந்து செத்துச்சா?

2011ல வந்த ஆர்எஃப்சி 6455 படி, இது சாதாரண எச்டிடிபி கோரிக்கையாத்தான் ஆரம்பிக்குது. 'அப்கிரேட்' ஹெட்டரைப் பாத்து சர்வர் 101 சொன்னாத்தான் வெப்சாக்கெட்டா மாறும். நடுவுல நிக்கிற என்ஜின்எக்ஸ் அந்த ஹெட்டரைத் தானா கடத்தாது, நாமதான் எழுதிக் கொடுக்கணும். இல்லேன்னா எக்ஸ்பிரஸுக்கு அது வெறும் 'கெட்'. அப்படி ஒரு பக்கமே இல்லைன்னு 404 கொடுத்துட்டுப் போயிடும். லாக்ல 404 பாத்தா கோடைத் தோண்டுறதுக்கு முன்னாடி என்ஜின்எக்ஸைப் பாருங்க.

பொறந்து செத்தா வேற கதை. ஒரு கிளினிக்ல டோக்கன் போர்டு நின்னு போகுதுன்னு கூப்பிட்டாங்க. காலையில நாலு ரூம், லேப், மருந்து கவுண்டர் எல்லாத்துக்கும் ஒரே போர்டு. நிமிஷத்துக்கு ரெண்டு தடவை நம்பர் மாறும், ஜோரா ஓடும். மத்தியானம் ஒரே டாக்டர். போர்டு 14லயே நிக்குது, உள்ள 17 போயாச்சு. 15ஆம் நம்பர் பாட்டி போர்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. "நம்ம நம்பர் இன்னும் வரலியேப்பா."

லாக்ல நேரத்தைப் பாத்தா வெவரம் புரிஞ்சுது. கடைசி மெசேஜ் போய் சரியா 60 விநாடியில இணைப்பு காலி. சர்வர்கிட்டேருந்து அவ்வளவு நேரம் சத்தமே வரலைன்னா என்ஜின்எக்ஸ் கத்திரிச்சுடும், அதோட வழக்கமான கணக்கு அது. கூட்டம் இருந்தப்போ அந்த 60 விநாடி அமைதி கிடைக்கவே இல்ல!

சர்வர்லேருந்து 30 விநாடிக்கு ஒரு 'பிங்' அனுப்ப வெச்சேன். நோடோட 'டபிள்யூஎஸ்' லைப்ரரி அதைத் தானா அனுப்பாது. ஆனா அதோட விட்டா பத்தாது. நெட் போறப்போ தவறவிட்ட மெசேஜை வெப்சாக்கெட் திருப்பித் தராது. அதனால மறுபடி இணைஞ்சதும் இப்போதைய நம்பரைக் கேட்டு வாங்கணும். இணைப்பு இல்லாத நேரத்துல போர்டுல பழைய நம்பர் நிக்கக்கூடாது, "கவுண்டரில் கேட்கவும்"னு வரணும். வெத்துப் போர்டைப் பாத்தா பாட்டி எந்திரிச்சுப் போய்க் கேப்பாங்க. 14னு நின்னா நம்பி உக்காந்துடுவாங்க.

உங்க வீட்டு வெப்சாக்கெட்டையும் ரெண்டு நிமிஷம் சும்மா விட்டுப் பாருங்க. வர்ட்டா?