வலப்புறத்து நான்கு அங்குலம்

விசையின் திருப்பத்தை நாம் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். மீற்றர்க் கோலும் நூலும் சில நிறைகளுமே எமது கருவிகள். சென்ற தவணையில் அவற்றை ஒதுக்கிவிட்டு, 1903இல் றைட் சகோதரர் தம் கைப்படக் கட்டிய விமானத்தைக் கரும்பலகையில் வரைந்தோம்.

இயந்திரமில்லாத மிதவை விமானங்களில் மூன்றாண்டு பழகியவர்கள் அவர்கள். அவற்றின் நிறை அவர்களுக்கு அத்துபடி. ஏறத்தாழ 180 இறாத்தல் நிறையுள்ள இயந்திரம் ஏறியதும் பழைய கணக்குப் பயனற்றுப் போயிற்று.

“நடுவிலே வைத்திருக்கலாமே, சேர்?” என்றான் ஒருவன்.

நல்ல கேள்வி. விமானம் தலைகுப்புற விழுந்தால் இயந்திரம் மனிதன்மேல் விழக்கூடாது. ஆகவே இயந்திரம் நடுக்கோட்டுக்கு வலப்புறமும், குப்புறப் படுத்து ஓட்டும் விமானி இடப்புறமும் அமைந்தனர். ஆயினும் விமானியைவிட இயந்திரம் முப்பது இறாத்தலுக்கு மேல் கூடுதலாக இருந்தது. அதை ஈடுசெய்ய வலச் சிறகை இடச் சிறகைவிட நான்கு அங்குலம் நீட்டினார்கள். பாரம் மிகுந்த பக்கத்தில் தூக்குவிசையும் சற்று மிகும் அல்லவா?

முன்பின் சமநிலையோ அத்தனை இலகுவில் வசப்படவில்லை. 1904இல் டேய்ட்டன் நகருக்கு அருகே பறந்த அடுத்த விமானம் மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக அலைந்தது. முன்புறத்தில் சுமார் 70 இறாத்தல் இரும்புச் சலாகைகளைக் கட்டிய பின்னரே ஓரளவு அடங்கியது. பறக்கவென்று ஒவ்வோர் இறாத்தலாகக் குறைத்தவர்கள் இரும்பைச் சுமக்க வேண்டியதாயிற்று!

இன்றும் வீட்டில் விமானம் கட்டுவோர் இயந்திரம் பூட்டிய பின் சில்லு ஒவ்வொன்றின் கீழும் தராசு வைத்து நிறுக்கிறார்கள். நிறையைத் தூரத்தால் பெருக்கிப் புவியீர்ப்பு மையத்தைக் காண்கிறார்கள். மூக்குப்பாரமானால் தரையிறங்கும்போது மூக்கை நிமிர்த்துவது கடினம். பின்பாரம் அதனிலும் கொடிது; வேகங்குன்றிச் சுழன்று விழும் விமானத்தை மீட்க முடியாமற் போகலாம். வெறும் ஈயத்தை ஏற்றுமுன், இருக்கும் மின்கலத்தை இடம் மாற்றிப் பார்ப்பதே சிக்கனம்.

மணி அடிக்கும் தறுவாயில் இன்னொரு மாணவி கேட்டாள்: “அந்த இயந்திரத்தைச் செய்தவர்களும் அவர்கள்தானா?”

நாம் சற்றுத் தடுமாறினோம். அதைச் செய்தவர் அவர்களது சைக்கிள் கடையில் கூலிக்கு வேலை பார்த்த சார்ளி டெய்லர். கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம், சில கைக்கருவிகள்; இவ்வளவே அவரிடம் இருந்தவை. உருக்குப் பாளமொன்றிலிருந்து சுழல் தண்டை வெட்டிக் கடைந்து, சுமார் 12 பரிவலுவுள்ள அவ்வியந்திரத்தை ஆறு வாரங்களில் முடித்தார். 180 இறாத்தலை இத்தனை ஆண்டுகள் ஒப்பித்த நாம், அவர் பெயரை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

1948இல் இறந்த ஓர்வில் தமது மரண சாசனத்தில் அவருக்கு ஆண்டுக்கு 800 டொலர் ஒதுக்கியிருந்தார். அதையும் மறைப்பது நியாயமன்று. ஆனால் விலைவாசி அத்தொகையைத் தின்றுவிட்டது. 1955இல் டெய்லர் கலிபோர்னியாவில், ஏழைகளுக்கான மருத்துவ விடுதியில் கிடந்தார். செய்தி பரவியதும் விமானத் தொழில் சார்ந்தோர் பணம் திரட்டி அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு சனவரியில் அவர் இறந்தார்.

அந்த மாணவியின் கேள்விக்கு மறுநாள்தான் முழுவதும் பதில் சொன்னோம்.