மருத்துவர் ஏன் மறுபடியும் படம் கேட்கிறார்?



"எக்கோ எடுத்தாகிவிட்டது, ஐயா. இப்போது சி.டி. எடுக்க வேண்டும் என்கிறார்கள். நோய் முற்றிவிட்டதோ?" இருதயக் குறையோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோர் ஒரு போதகரிடம் கேட்கும் கேள்வி இது. இதற்குள் அச்சம் இருக்கிறது. பல வேளைகளில் குற்ற உணர்வும் மறைந்திருக்கிறது. இவ்விரண்டையும் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு ஒன்று இருதயக் குறையோடு பிறக்கிறது. எக்கோ ஒலி அலைகளால் எடுக்கப்படுவது; அதில் கதிர்வீச்சு இல்லை. ஆகவே மருத்துவர் முதலில் அதையே நாடுகிறார். பலருக்கு அதுவே போதும். ஆனால் எலும்பையும் காற்று நிறைந்த நுரையீரலையும் ஒலி அலைகள் நன்கு ஊடுருவுவதில்லை. நுரையீரலுக்குள் கிளைக்கும் இரத்தக்குழாய்களையும் மகாதமனியின் வளைவையும் சில குழந்தைகளிடத்தில் எக்கோ தெளிவாகக் காட்டாது. அங்கே சி.டி. தேவைப்படுகிறது.

மணலூர்பேட்டையில் வாழும் நாம் தென்பெண்ணையைக் கோடையில் பார்த்திருக்கிறோம். மேலே மணல், நீரோட்டம் அடியில். எங்கே தோண்டுவது என்று அறிந்தவரே ஊற்றைக் காண்கிறார். அறுவை மருத்துவரின் நிலையும் இதுவே. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்னும் குறையில் நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் வழி குறுகியிருக்கும். குழந்தையின் உதடுகள் நீலம் பாரிக்கும். அந்த வழியை அகலப்படுத்த வேண்டும். ஆனால் சில குழந்தைகளுக்கு, இருதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் ஒரு குழாய், கத்தி வைக்கும் இடத்தின் குறுக்கே ஓடுகிறது. அதை அறியாமல் வெட்டினால் உயிருக்கே ஆபத்து. முன்னரே அறிந்தால் மருத்துவர் வேறு வழியைத் திட்டமிடுவார். எனவே சி.டி. கேட்பது கைவிட்டதன் அடையாளம் அன்று, ஆயத்தத்தின் அடையாளம்.

நமக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961இல் திறந்த இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது சி.டி. என்பதே உலகில் இல்லை. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளிக்குப் படம் எடுக்கப்பட்டது 1971இல், லண்டனில். ஆலன் கார்மாக்குடன் அவருக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கைநரம்பில் சாயமருந்து செலுத்தி, துடிக்கும் சிறு இருதயத்தைச் சில நொடிகளில் படமெடுக்கிறார்கள்.

கதிர்வீச்சைக் குறித்த உங்கள் கவலை வீணானதன்று. வளரும் உடலை அது பெரியவர்களைவிட அதிகமாகப் பாதிக்கக்கூடும். அதனால்தான் குழந்தையின் எடைக்கேற்ப அளவைக் குறைக்கிறார்கள், தேவையின்றி எடுப்பதில்லை. "இந்தப் படத்தால் சிகிச்சையில் என்ன முடிவாகும்?" என்று தயங்காமல் கேளுங்கள். முன்பு எடுத்த படங்களைத் தவறாமல் கொண்டுசெல்லுங்கள். ஒரே படத்தை இருமுறை எடுப்பதை அது தவிர்க்கும். ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்னரே சொல்லுங்கள்.

இனி, அந்தக் குற்ற உணர்வு. கிரகணத்தில் வெளியே வந்தாள், முன்னோர் செய்த பாவம் என்று தாயின் மேல் பழி சுமத்துகிற பேச்சு நம் தெருக்களில் இன்னும் ஓயவில்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இது யார் செய்த பாவம் என்றே கேட்டார்கள். ஆண்டவரோ அவன்மேலும் பழி சுமத்தவில்லை, அவனைப் பெற்றவர்கள்மேலும் சுமத்தவில்லை. கருவின் முதல் 8 வாரங்களுக்குள் இருதயம் உருவாகிவிடுகிறது. பெரும்பாலான குறைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவர்களாலேயே சுட்ட முடிவதில்லை. அப்படியிருக்க, ஒரு தாயைக் குற்றவாளியாக்க நாம் யார்?

பால் குடிக்கும்போது வியர்க்கிற, எடை ஏறாத, உதடு நீலமாகிற பிள்ளையைக் கண்டால் காலந்தாழ்த்த வேண்டாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் விசாரியுங்கள். பரிசோதனைக்குச் செல்வது விசுவாசக் குறைவு அன்று.

சபையாருக்கு ஒரு வார்த்தை. அத்தகைய தாய் ஆலயத்திற்கு வரும்போது காரணம் கேளாதிருங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அவள் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு உணவு கொடுங்கள். பேருந்தில் துணைக்குச் செல்லுங்கள். நம் ஜெபத்திற்குக் கையும் காலும் முளைப்பது அப்போதுதான்.

கர்த்தர் நம் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.