தண்ணீர் சுமப்பவரும் ஓடுகிறவரும்

வாலிபர் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் நாங்கள் எதைப் பற்றிப் பேசினாலும் பெரியவர்கள் தூரத்தில்தான் நிற்பார்கள். உதைபந்தாட்டம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், கதிரையை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் இருந்துவிடுவார்கள். அந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். கையில் இவ்வளவு கெட்டிக்கார வீரர்களை வைத்துக்கொண்டு, பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர் டிடியே தெஷாம் ஏன் இப்படிப் பயந்து பயந்து விளையாட வைக்கிறார்?

2012ஆம் ஆண்டு பொறுப்பேற்ற தெஷாமின் கொள்கையில் சிக்கல் எதுவும் இல்லை. முதலில் கோல் வாங்கக்கூடாது. பந்து எதிரணியிடம் இருந்தால் இருக்கட்டும். நம் பக்கம் இடைவெளி இருக்கக்கூடாது. பந்து கிடைத்ததும் இரண்டு மூன்று உதைகளில் மறுபக்கம் போய்விட வேண்டும். 2018 உலகக் கிண்ண அரையிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக நடந்தது இதுதான். 51ஆம் நிமிடத்தில் மூலை உதையொன்றை உம்டிட்டி தலையால் முட்டிக் கோலாக்கினார். அதன் பிறகு கதவு பூட்டப்பட்டது. ஆட்டம் 1-0. தோற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஐந்து நாள் கழித்துக் குரோவேசியாவை 4-2 என்று வென்று பிரான்ஸ் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தத் தொடரில் ஏழு ஆட்டங்களிலும் இறங்கிய முன்கள வீரர் ஜிரூ ஒரு கோலும் போடவில்லை. கோல் கம்பங்களுக்குள் போகும்படி ஒரு உதைகூட அவரிடமிருந்து வரவில்லை. அவருடைய வேலை மற்றவர்களுக்கு இடம் உண்டாக்குவது.

தெஷாம் விளையாடிய காலத்திலும் அப்படிப்பட்ட வீரர்தான். 1990களில் எரிக் கன்டோனா அவரைத் "தண்ணீர் சுமப்பவர்" என்று ஏளனம் செய்தார். பந்தைப் பறித்து, திறமையுள்ளவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவர் என்று பொருள். அந்தத் தண்ணீர் சுமப்பவர்தான் 1998 ஜூலை 12ஆம் திகதி, கார் டு நோர் நிலையத்திலிருந்து நாங்கள் ரயிலேறினால் சில நிமிடத்தில் போய்விடக்கூடிய சென் தெனி மைதானத்தில், தலைவராக நின்று உலகக் கிண்ணத்தை வாங்கினார். அன்றைய பயிற்சியாளர் ஏமே ஜாக்கேயையும் லெக்கிப் பத்திரிகை அதற்கு முன்பு கடுமையாக விமர்சித்திருந்தது. பிரேசிலை 3-0 என்று வென்ற பிறகுதான் அந்த வாய்கள் அடங்கின. வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கிண்ணம் வென்றவர்களில் சகாலோ, பெக்கன்பவர் ஆகியோருக்கு அடுத்து மூன்றாமவர் தெஷாம்.

இந்த வழக்கு பிரான்சுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடப்படும், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அந்த மற்ற உதைபந்தாட்டத்திலும் இதே சண்டை உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1951 முதல் 1978 வரை பயிற்சியாளராக இருந்த வூடி ஹேஸ், பந்தைத் தூர எறிவதை விரும்பாதவர். எறிந்தால் எதிரி பிடித்துவிடலாம்; ஆகவே கையில் வைத்துக்கொண்டு மூன்று அடி, நாலு அடி என்று முட்டி மோதி முன்னேறு என்பது அவர் வழி. அவரும் வென்றார், அவரையும் பழமைவாதி என்றார்கள்.

எங்கள் கூட்டத்தில் தெஷாமின் வழக்கறிஞர் என் சித்தப்பா. எண்பதுகளின் கடைசியில் பாரிஸ் வந்தவர். லாச்சப்பலில் ஒரு அறைக்குள் ஏழு பேராக இருந்து, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவி, பகலில் வதிவிட அட்டைக்காக வரிசையில் நின்றவர். அவர் சொல்வார்: "தம்பி, ஐஞ்சு கோல் போட்டு ஆறு கோல் வாங்கினா ஆர் உனக்குக் கிண்ணம் தருவினம்? முதல்ல கதவைப் பூட்டு. பிறகு முத்தத்தில விளையாடலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை திருப்பிக் கேட்டாள்: "கதவைப் பூட்டிப்போட்டு முத்தத்துக்கே போகாம உள்ளுக்கு இருந்தா என்ன செய்யிறது, சித்தப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் உதைபந்தாட்டத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது வீட்டில் எங்களுக்குத் தெரியும். அவள் லிசே கடைசி வகுப்பு. கணிதத்தில் நல்ல புள்ளிகள். பொறியியல் கல்லூரிகளுக்குத் தயார்ப்படுத்தும் கடினமான பிரப்பா வகுப்புக்கு முயன்று பார்க்கும்படி ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அம்மாவும் சித்தப்பாவும் வீட்டுக்குக் கிட்ட இரண்டு வருடக் கணக்கியல் படிப்பு போதும், வேலை நிச்சயம் என்கிறார்கள். "பிரப்பாவில விழுந்தா ஆர் தூக்கிறது?" என்பது அம்மாவின் கேள்வி.

தங்கை தன் வாதத்துக்கு 2024 ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். அரையிறுதி வரை ஐந்து ஆட்டங்கள். பிரான்ஸ் வாங்கிய கோல் ஒன்றே ஒன்று, அதுவும் பெனால்டி. கதவு பூட்டியபடிதான் இருந்தது. ஆனால் கிடைத்த கோல்கள் மூன்றில் இரண்டு எதிரணியினர் தங்கள் வலைக்குள்ளேயே அடித்தவை, மற்றது பெனால்டி. அரையிறுதியில் ஸ்பெயினிடம் 2-1 என்று தோல்வி. அதற்கு முன் 2022 இறுதியாட்டம். ஆர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிய பிறகு, 41ஆம் நிமிடத்திலேயே தெஷாம் இரண்டு முன்கள வீரர்களை மாற்றினார். கடைசிப் பத்து நிமிடத்தில் எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டார். முடிவில் 3-3, பெனால்டியில் தோல்வி. "அந்த ஓட்டம் முதல் பாதியிலயும் அவையின்ர காலிலதானே இருந்தது?" என்றாள். சித்தப்பா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு இரண்டு பேரிலும் நியாயம் தெரிந்தது. ஆனால் இருவரும் சொல்லாத ஒன்று 2018இல் இருக்கிறது. அந்த அணியில் இடப்பக்க முன்வரிசையில் நின்ற மத்துயிடி உண்மையில் மத்தியகள உழைப்பாளி. நடுவில் கான்டே ஓயாமல் ஓடிப் பந்தைப் பறித்தார். அவர்கள் பின்னால் காத்ததால்தான் 19 வயது எம்பாப்பே வலப்பக்கத்தில் கவலையின்றி ஓடினான். ஆர்ஜென்டினாவுக்கு எதிரான அந்த 4-3 ஆட்டத்தில் தன் பாதியிலிருந்தே பந்தோடு பறந்து ஒரு பெனால்டி வாங்கித் தந்தான். பிறகு இரண்டு கோலும் போட்டான். காவல் அங்கே ஓட்டத்தைத் தடுக்கவில்லை. அந்த ஓட்டத்துக்காகவே காவல் இருந்தது. 2024இல் காவல் மட்டும் மிஞ்சியது.

கானாவூர்க் கலியாணத்தில் கற்சாடிகளை நிரப்பியவர்கள் வேலைக்காரர்கள். திராட்சரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி விசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் சுமப்பது சிறிய வேலையல்ல. எங்கள் பெற்றோர் முப்பது வருடமாகச் சுமந்த தண்ணீரில்தான் நாங்கள் நிற்கிறோம். அதை ஏளனம் செய்கிற பிள்ளை கன்டோனாவைப் போலப் பேசுகிறது. ஆனால் சாடி நிரம்பிய பிறகும் பந்தியில் ஒருவரும் அருந்தாவிட்டால், சுமந்தவரின் தோள்வலிக்கு என்ன பொருள்?

இதைத்தான் சித்தப்பாவிடம் சொன்னேன். "நீங்கள் கதவைக் காத்தது அவள் ஓடத்தானே?" அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தங்கையைப் பார்த்து, "அந்தப் பட்டியல்ல எத்தனை போடலாம்?" என்று கேட்டார்.

பார்க்கூர்சுப் தளத்தில் பத்து விருப்பங்கள் வரை போடலாம். அடுத்த நாள் இரவு சித்தப்பா வீட்டுக்கு வந்து மேசையில் இருந்தார். கணக்கியல் படிப்புகள் நான்கை அவர் சொல்லச் சொல்லத் தங்கை பதிந்தாள். மிச்சம் ஆறிலும் பிரப்பா வகுப்புகளைப் போட்டாள். ஆறாவதின் பெயரைக் கேட்டு அம்மா, "அது சரியான தூரமெல்லே?" என்றா. சித்தப்பா, "ஓடட்டும், பின்னால நாங்கள் நிக்கிறம்தானே" என்றார்.

2026 உலகக் கிண்ணத்தோடு விலகுவதாகத் தெஷாம் அறிவித்திருக்கிறார். அடுத்து வருபவர் எப்படி விளையாட வைப்பார் என்பது இனி எங்கள் தேநீர் நேரத்துச் சண்டை. பெற்றோரே, உங்கள் வீட்டுப் பிள்ளையின் பட்டியலையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தம்பி தங்கையரே, அதில் முதல் நாலு வரியை அவர்களுக்குக் கொடுங்கள்.